மருந்து அதிகாரத்தில் மருந்து எங்கே?

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்திற்கு ‘மருந்து’ என்று பெயர். பெயரை நம்பி உள்ளே சென்று மருந்து தேடுவோர் ஏமாந்து திரும்புவர். இஞ்சி இல்லை, திப்பிலி இல்லை, கடுக்காய் இல்லை. 942 முதல் 947 வரை ஆறு குறள்கள் உணவைப் பற்றியன. முதற்குறள் நோயின் தோற்றத்தையும் இறுதி மூன்றும் மருத்துவம் செய்யும் முறையையும் கூறுகின்றன. ‘மருந்து’ என்னும் சொல் பத்துக் குறளிலும் மூன்றே இடத்தில் வருகிறது. ‘அளவு’ என்னும் சொல்லோ ஐந்து இடத்தில் வருகிறது. மருந்து வரும் மூன்றிடத்துள்ளும் ஒன்று, அது வேண்டா என்று விலக்குவதற்காக வந்தது. மற்ற இரண்டும் 950ஆம் குறள் ஒன்றனுள்ளேயே உள்ளன. இந்த வரவை நம் உரைநூல்கள் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சொல்லை எண்ணுவது ஆசிரியனுக்குப் பொழுதுபோக்கு என்று கருதி அன்பர்கள் இதனை ஒதுக்கிவிடலாம். நானும் நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தேன். எழுதத் துணிந்ததற்குக் காரணம் வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் உடல்நலம் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டனர். நான் மருத்துவனல்லன், பயிற்சிக் கல்லூரியில் இலக்கணமும் கற்பித்தல் முறையும் பயின்றவன். ஆயினும் தமிழாசிரியனுக்குக் குறள் இருக்க வேறு துணை எதற்கு? 942ஆம் குறளை எடுத்துக்கொண்டேன். முன்பு உண்டது செரித்தது அறிந்து உண்பவனுடைய உடம்புக்கு மருந்து என ஒன்று வேண்டாம் என்று விளக்கினேன். கைத்தட்டல் ஓங்கியது. அதில் மயங்கி, “உணவே மருந்து என்று நம் முன்னோர் அன்றே சொன்னார்கள், இன்று நாமோ மாத்திரையை உணவாக உண்கிறோம்” என்றும் ஒரு போடு போட்டேன்.

கூட்டத்தின் பின் வரிசையில் மாணவன் ஒருவனுடைய பாட்டியார் இருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர், நீரிழிவுக்காரர். மறுவாரமே மாத்திரையை நிறுத்திவிட்டுக் காலையும் மாலையும் கேழ்வரகுக் கஞ்சி குடிக்கத் தொடங்கினார் என்பது எனக்குப் பல மாதம் கழித்தே தெரிந்தது. காலில் ஏதோ குத்தியிருக்கிறது, புண்ணாகியிருக்கிறது, அவருக்கு வலிக்கவில்லை. மருத்துவமனையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பார்க்கச் சென்றபோது, “வலிச்சிருந்தா வந்திருப்பேனே வாத்தியாரையா. வலிக்கவே இல்லையே” என்றார். என்மேல் அவருக்குச் சினமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று முதல் அந்த அதிகாரத்தை மாணவனைப் போல மீண்டும் படிக்கலானேன். உரைகளையும், சத்துணவும் வலியும் பற்றி அண்மையில் வந்த ஆராய்ச்சிச் செய்திகளுள் என் அறிவுக்கு எட்டியவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அந்தப் படிப்பில் கண்டவற்றையே ஆசிரியப் பெருமக்கள் முன் வைக்கிறேன்.

முதலில் 941ஆம் குறள். மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் செய்யும் என்கிறது. எது மிகுந்தால்? இங்கேயே உரையாசிரியர்கள் பிரிகிறார்கள். மு. வரதராசனார், மருத்துவ நூலோர் எண்ணிய வாதம், பித்தம், சிலேத்துமம் என்னும் மூன்றும் மிகினும் குறையினும் என்று நேரே பொருள் கொண்டார். பரிமேலழகரோ உணவும் செயல்களும் ஒருவன் உடற்கூற்றுக்கு ஒத்த அளவினின்று மிகினும் குறையினும் அம்மூன்றும் நோய் செய்யும் என்றார். குறளில் உணவு என்ற சொல்லும் இல்லை, செயல் என்ற சொல்லும் இல்லை. இலக்கணத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் மு.வ. பக்கமே சொல்ல வேண்டும்.

ஆனால் பரிமேலழகர் வருவித்த ‘செயல்கள்’ என்னும் அச்சொல்லை நான் விடமாட்டேன். செயல் அளவொத்தலாவது யாது என்று அவரே விளக்குகிறார்: மனத்தாலும் மொழியாலும் மெய்யாலும் செய்யும் தொழில்களை, அவை வருந்துவதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளல். நாட்பட்ட வலியுடையோர்க்கு இன்றைய உடற்பயிற்சி மருத்துவர் கற்பிக்கும் பாடம் பெரும்பாலும் இதுவே. வலி எழுந்தபின் ஓய்வு கொள்ளாதே. எழுமுன் சிறிது ஓய்ந்து மீண்டும் தொடங்கு. வேலையைப் பகுத்துக்கொள் என்பர். காண்டா வாளி சுமந்து மேடும் பள்ளமும் ஏறி இறங்கிய நம் தொழிலாளிக்கு இப்பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர் எவர்? பாரம் வருந்துவதற்கு முன் இறக்கி வைக்க, நிறுவைக்குரிய நேரம் அவருக்கு இடம் கொடுத்ததா? உரையாசிரியர் காட்டிய வழி சரியே. அவ்வழியில் நடக்க அவரவர் வேலை இடம் தர வேண்டும்.

இனி உணவுக் குறள்களுக்கு வருவோம். ‘உணவே மருந்து’ என்னும் தொடர் திருக்குறளில் இல்லை. கிரேக்க மருத்துவர் இப்போகிரேட்டசு சொன்னதாக உலகெங்கும் எழுதுகிறார்கள். அவர் பெயரில் வழங்கும் நூல்களிலும் அது இல்லை என்று அந்நூல்களை ஆய்ந்தோர் காட்டியிருக்கிறார்கள். தொடர் யாருடையதாயினும் ஆகுக. அதற்குச் சான்றாகத் தக்க ஒரு வரலாறு இம்மலேயா மண்ணிலேயே நிகழ்ந்திருக்கிறது. அதன் நடுவில் நிற்பவரும் தமிழ்த் தொழிலாளரே. நம் மேடைகளில் அதைச் சொல்லக் கேட்டதில்லை.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்னும் நோய் இந்நாட்டு ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் ஆயிரக்கணக்கானோரை வீழ்த்தியது. கால் மரத்துப்போகும்; கெண்டைக்கால் தொட்டாலே வலிக்கும்; சிலருக்கு உடல் நீர்கோத்து இதயம் நின்றுவிடும். நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராயிருந்த பிராடன் ஒரு வேற்றுமையைக் கண்டார். வெளியிலிருந்து வந்த தீட்டிய வெள்ளரிசியை உண்ட சீனத் தொழிலாளரை இந்நோய் வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழரை அது பெரும்பாலும் அணுகவில்லை. வீட்டில் நெல்லைக் குத்தி உண்ட மலாய்க்காரரையும் அவ்வாறே விட்டுவைத்தது. 1907இல் இதைப் பெரிய நூலாகவே எழுதினார்.

அதே காலத்தில் கோலாலம்பூர் மனநோயாளர் இல்லத்தில் பிளெச்சர் என்னும் மருத்துவர் அங்கிருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளரிசியும் மற்றொரு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளரிசிப் பிரிவில் பலர் நோயுற்றனர், இறந்தவரும் உண்டு. புழுங்கலரிசிப் பிரிவில் நோய் ஏறக்குறைய இல்லை. இடத்தின் குற்றமோ என்று ஐயுற்று, பிரிவுகளைக் கட்டடம் மாற்றி வைத்தும் பார்த்தார். நோய் அரிசியையே தொடர்ந்து சென்றது. (அந்நோயாளர்களிடம் ஒரு சொல் கேட்டிருப்பார்களா என்ற எண்ணம் இதைப் படிக்கும்போதெல்லாம் வந்து உறுத்துகிறது.) அடுத்து, 1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், சுடாண்டன் இருவரும் ஜெலுபுக் காட்டில் சாலை போட வந்த சாவகத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரிடம் இதே சோதனையைச் செய்து 1909இல் முடிவை வெளியிட்டனர். முடிவு மாறவில்லை.

காரணம் என்ன? பிராடன், பழகிய வெள்ளரிசியில் ஒருவகை நஞ்சு விளைகிறது என்று கருதினார். அவர் கண்ட காட்சி சரி. கருதிய காரணம் பிழை. நஞ்சு சேர்ந்ததால் நோய் வரவில்லை. தவிட்டோடு ஏதோ ஒன்று தொலைந்ததால் வந்தது என்பதைப் பிரேசரும் சுடாண்டனும் காட்டினர். சாவகத்தில் எய்க்மான் என்னும் டச்சு மருத்துவர் கோழிகளிடம் முன்னரே கண்ட உண்மையோடும் அது பொருந்தியது. அப்பொருளை 1926இல் சாவகத்திலேயே பிரித்தெடுத்தனர். அதுவே இன்று நாம் வைட்டமின் பி1 என்பது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள அச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது. நம் பாட்டிமார் நெல் அவித்தது வைட்டமினை எண்ணியன்று. நெல் இடிபடாமல் வரவும் சோறு தாங்கவுமே. அறியாமற் செய்த நன்மையும் நன்மைதான். ஆனால் அதை ‘முன்னோர் விஞ்ஞானம்’ என்று முழங்கும்போது என் மனம் கூசுகிறது.

இதே நேரத்தில், இதே புழுங்கற்சோற்றை உண்ட தமிழர்கள் தோட்டங்களில் கூட்டங்கூட்டமாக மாண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமை பெறும். அவர்களைக் கொன்றவை மலேரியாக் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும். அவற்றுக்குச் சோறு மருந்தாகவில்லை. 1901இல் கிள்ளானில் வாட்சன் என்னும் மருத்துவர் சதுப்பு நிலத்து நீரை வடித்தார், கொசு குறைந்தது, காய்ச்சல் தணிந்தது. அங்கே மருந்தாக நின்றது மண்வெட்டி. எனவே ‘உணவே மருந்து’ என்பது பெரிபெரிக்கு முழு உண்மை, மலேரியாவுக்குப் பொய். நோய் இன்னதென்று பாராமல் ஒரு தொடரை எல்லாவற்றுக்கும் ஓதுவது மருத்துவமாகாது.

இதைத்தானே 948ஆம் குறள் சொல்கிறது? நோயைத் தேடி, அதன் முதற்காரணத்தைத் தேடி, தணிக்கும் வழியைத் தேடி, அதன்பின் பிழையாமற் செய் என்று ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துகிறது. பிராடன் முதற்படியில் வென்று இரண்டாம் படியில் வழுக்கினார். நான் முதற்படியிலேயே ஏறவில்லை. நேரே கடைசிப் படிக்குத் தாவினேன். 942ஐத் தனியே பிரித்துக் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்விக்கும் நம் வழக்கமே இத்தாவலுக்குத் துணை செய்கிறது. அக்குறளிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. செரித்தது அறிந்து உண்டால் என்பதே அது. இது நலமாயிருப்பவனுக்குச் சொன்ன காப்பு. நோய் உற்றவனுக்குச் சொன்னது 948இல்தான் தொடங்குகிறது. ‘உற்றான்’ என்ற சொல்லே 949இல்தான் முதலில் வருகிறது. நான் காப்பை எடுத்து நோயாளியின் கையில் கொடுத்துவிட்டேன்.

949ஆம் குறள், கற்ற மருத்துவன் நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணிச் செய்க என்கிறது. நீரிழிவை உணவால் தணிக்கலாம் என்பதற்கு இன்று மேடையில் காட்டப்படும் ஆராய்ச்சி ஒன்று பிரிட்டனில் நடந்தது, 2017இல் வெளிவந்தது. 306 பேர் அதில் பங்குகொண்டனர். சில மாதம் மிகக் குறைந்த உணவுத் திட்டத்தில் இருந்து எடை குறைத்த பிரிவில் ஓராண்டு முடிவில் 46 விழுக்காட்டினர் மருந்தின்றியே நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்தனர். வழக்கமான மருத்துவம் பெற்ற பிரிவில் 4 விழுக்காட்டினரே வந்தனர். வியப்பான செய்திதான். ஆனால் யாரைச் சேர்த்தார்கள் என்று பாருங்கள். நோய் கண்டு ஆறாண்டுக்கு மேற்படாதவர். உடல் எடை மிகுந்தவர். இன்சுலின் ஊசி போடாதவர். மாத்திரையை நிறுத்தியவர்கள் அவர்களைக் கண்காணித்த மருத்துவக் குழுவினர். உற்றான் அளவு, பிணியளவு, காலம் என்ற மூன்றும் அங்கே உள்ளன. எங்கள் பாட்டியாரோ மெலிந்த உடலினர், நோய் வந்து பதினான்கு ஆண்டு ஆனவர், கண்காணிக்க ஒருவருமில்லாதவர். ஒரே ஆராய்ச்சி ஒருவருக்கு நம்பிக்கையாகவும் மற்றொருவருக்கு ஆபத்தாகவும் ஆவது இப்படித்தான். 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி இந்நாட்டில் வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவுடையோர். இந்தியரிடையே இதனினும் மிகுதி. ஆகவே நம்மவர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச எழுபவர் எதிரே எப்போதும் நோயாளிகள் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.

வலியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ‘நோய்’ என்ற சொல் ‘நோ’ என்னும் அடியிற் பிறந்தது. நோதல் என்றால் வலித்தல். மனம் நோதலும் நோதலே. இதே நூலின் மூன்றாம் பாலில் காதலால் வருந்துவதும் நோய் எனப்படுகிறது. வலி பற்றி ஆராயும் உலகச் சங்கத்தார் 1979இல் வகுத்து 2020இல் திருத்திய இலக்கணத்தில், வலி என்பது உடலுணர்ச்சியும் உள்ளத்துணர்ச்சியும் சேர்ந்த துன்ப அனுபவம் என்று கூறியுள்ளனர். தமிழ் வேர்ச்சொல் அவ்விரண்டையும் பிரிக்காமலே வைத்திருந்தது. இதற்காக நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை, பயன்படுத்திக்கொள்ளலாம். கனடாவில் மெல்சாக் என்னும் உளநூல் அறிஞர் 1975இல் வலியை விவரிக்கும் சொற்கள் 78ஐத் தொகுத்து நோயாளியின் நிலையறியும் கருவியாக்கினார். நம் லயத்து மக்கள் வாயில் குடைச்சல், குத்தல், கடுப்பு, இசிவு, பிடிப்பு, உளைச்சல், எரிச்சல், திமிர்ப்பு என்று எத்தனை! ஒவ்வொன்றும் வேறு. மருத்துவரிடம் போனால் இத்தனையும் ‘சாக்கிட்’ என்ற ஒரே மலாய்ச் சொல்லில் அடங்கிப்போகின்றன. எரிச்சலும் திமிர்ப்பும் நரம்பு கெடுவதன் அறிகுறிகளாக இருக்கலாம். பிடிப்பு பெரும்பாலும் தசையைச் சார்ந்தது. மொழி தெரிந்த ஒருவர் உடன் சென்றால் அவ்வேறுபாடு மருத்துவர் காதுக்கு எட்டும்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்புவலிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2020இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி இருந்ததாம். நோயைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, உடலை நீவிவிடுதல், மனப்பயிற்சி ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. இடுப்புவாரையும் இழுவை மருத்துவத்தையும் அபினிவகை மருந்துகளையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. எங்கள் தோட்டத்தில் ஓய்வுபெற்ற ஆண்கள் பாதிப்பேர் இடுப்புவாரோடுதான் நடமாடுகிறார்கள். சான்றின் உறுதி பெரும்பாலும் குறைவே என்று அவ்வறிக்கையே ஒப்புக்கொள்கிறது. இவ்வடக்கத்தை நம்மவர் தமிழில் எடுத்தெழுதும் கட்டுரைகளில் காண்பதில்லை. ‘இருக்கலாம்’ என்று ஆராய்ந்தவர் எழுதியது நம்மிடம் வரும்போது ‘குணமாகும்’ என்றாகிவிடுகிறது. ஒரு வினைமுற்றை மாற்றினால் என்ன என்று கேட்பவர்களுக்கு அந்தப் பாட்டியாரின் காலைக் காட்ட வேண்டும்.

இறுதியாக 950ஆம் குறள். என் கருத்தில் அதிகாரத்தின் திறவுகோல் இதுதான். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பார்ப்பவன் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருந்து என்கிறது. கவனியுங்கள்: நான்கில் ஒன்றும் மருந்து; நான்கும் சேர்ந்ததும் மருந்து. ஒரே குறளுக்குள் அச்சொல் சிறுபொருளில் ஒருமுறையும் பெரும்பொருளில் ஒருமுறையும் நிற்கிறது. 942இல் வேண்டா என்று விலக்கியது எதை? சிறுபொருள் மருந்தையே. அதிகாரத் தலைப்பிலுள்ளது எது? பெரும்பொருள் மருந்து. இவ்வேறுபாட்டைக் கொண்டால் ‘மருந்து அதிகாரத்தில் மருந்தில்லையே’ என்ற குறை தீர்ந்துபோகிறது. மருந்தை விலக்கியவர் மருந்தைப் புகழ்வதேன் என்ற முரணும் தீர்கிறது.

நான்கிற்கும் நந்நான்கு இயல்புகளைப் பரிமேலழகர் பகுத்துக் கூறுகிறார். வடமொழி ஆயுர்வேத நூல்களிலும் இப்பகுப்பு உண்டு. அருகிருப்பவனுக்கு அவர் முதலாவதாக வைத்தது நோயாளியிடத்து அன்பு. இஃது அறிவுரை மட்டுமன்று. 2008இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காப்சக் என்பவரும் துணைவரும் நாட்பட்ட குடல்வலியுடையோர் 262 பேரிடம் ஒரு சோதனை செய்தனர். ஒரு பிரிவினர்க்கு ஒன்றும் செய்யவில்லை. அவர்களுள் 28 விழுக்காட்டினர் போதிய நிவாரணம் பெற்றதாகக் கூறினர். மற்றொரு பிரிவினர்க்கு உடலுட் புகாத போலி ஊசியைப் பேச்சின்றி வைத்தனர், 44 விழுக்காடு. மூன்றாம் பிரிவினர்க்கு அதே போலி ஊசி, ஆனால் வைத்தவர் கனிவோடு அமர்ந்து குறையைக் கேட்டார், 62 விழுக்காடு. ஊசி ஒன்றே, கூடியது கனிவு. இது வலியைத் தணித்த கதையே ஒழிய நோயை வேரறுத்த கதையன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். கனிவால் சர்க்கரை இறங்காது.

நோயாளிக்குரிய நான்கு இயல்புகளுள் பரிமேலழகர் முதலில் வைத்தது எது தெரியுமா? பொருளுடைமை! மருத்துவன் சொற்படி நிற்றலும், நோயின் நிலையை எடுத்துரைத்தலும், மருந்தின் துன்பம் பொறுத்தலும் அதன்பின்னரே வருகின்றன. இளமையில் இதைப் படித்தபோது, ஏழைக்கு மருத்துவம் இல்லை என்கிறாரே என்று எனக்குச் சினம் வந்தது. இப்போது அதனை ஓர் உண்மைக் குறிப்பாகவே படிக்கிறேன். அரசாங்க மருத்துவமனையில் கட்டணம் சிறிது. அங்கே போய்வரும் வண்டிச் செலவும், உடன் செல்பவர் இழக்கும் ஒரு நாள் கூலியும் சிறிதல்ல.

பாட்டியாரை இப்போது மாதமொருமுறை ஜித்ராவிலுள்ள மருத்துவமனைக்கு அவருடைய பேரன் அழைத்துச் செல்கிறான். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் அவன், பாட்டி சொல்லும் திமிர்ப்பையும் எரிச்சலையும் மருத்துவரிடம் மலாயில் பிரித்துச் சொல்கிறான். அன்று அவன் பள்ளிக்கு வாராமைக்குக் காரணம் எழுதும் கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவனுடைய வகுப்பாசிரியை என்னைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்.